பள்ளத்தாக்கை நின்று பாருங்கள்

ஆசிரியருக்கு,

மலையிடுக்குகளை ஒட்டிய ஒற்றையடிப் பாதைகளில் மவுன்டன் பைக் ஓட்டுவது பற்றிப் பயணப் பக்கங்களில் அழகான படங்கள் வருகின்றன. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம், நடுவில் சைக்கிள். அந்த அழகேதான் ஆபத்தும் என்பதைப் படத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கண் போகிற பக்கம்தான் சைக்கிள் போகும். ஓட்டியபடி பள்ளத்தைப் பார்த்தால் கழுத்து திரும்பும், தோள் திரும்பும், ஹேண்டில்பாரும் கூடவே திரும்பும். காட்சியை ரசிக்க வேண்டுமா, நின்று ரசியுங்கள். அதுவும் சுவர்ப்பக்கத்துக் காலை ஊன்றி. பள்ளத்துப் பக்கம் புல் மூடிய விளிம்பின் கீழே மண் இருக்கிறதா என்பது காலை வைத்த பிறகுதான் தெரியும்.

பலர் கவனிக்காதது பெடல். சுவர்ப்பக்கத்துப் பெடல் கீழே வரும்போது துருத்திய கல்லில் இடித்தால், சைக்கிளைப் பள்ளத்தின் பக்கமாகவே தள்ளிவிடும். குறுகலான இடத்தில் மிதிப்பதை நிறுத்தி, இரண்டு பெடலையும் சமமட்டத்தில் வைத்து உருட்டிச் செல்லுங்கள். ஏற்றமாக இருந்தால் முழுச் சுற்று வேண்டாம். கால் சுற்று முன்னே மிதித்து, பின்னால் இழுத்து, மறுபடி முன்னே மிதித்தால் போதும். 780, 800 மில்லிமீட்டர் அகலமான ஹேண்டில்பாரின் முனை சுவரில் உரசுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்தபடியே வருவது தவறு. சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க் சூடேறிக்கொண்டே போகும். அதை அழுத்திப் பிடிக்கும் பேட் ரெசின் (பிசின்) கலவையாக இருந்தால் பிடிப்பை இழக்கும். இத்தகைய பாதைக்கு உலோகக் கலவை பேட்தான் சரி. வளைவுக்கு முன்பே நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். லீவர் ஹேண்டில்பார் வரை அமுங்கினால் உடனே நிறுத்தி ஆறவிட வேண்டும்.

எழுபது கிலோ எடையுள்ளவருக்கு, 2.4 அங்குல டியூப்லெஸ் (உள்டியூப் இல்லாத) டயரில் காற்றழுத்தம் முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்கலாம். கூடினால் சரளையில் துள்ளும்; குறைந்தால் ரிம் கல்லில் அடிபடும். டயருக்குள் ஊற்றும், துளைகளை அடைக்கும் திரவமான சீலன்ட் சில மாதங்களில் உலர்ந்துவிடும், சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள். தளும்பல் கேட்காவிட்டால் ஊற்ற வேண்டும். கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கர் ஒன்றைக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். கல்லில் பட்டால் முதலில் வளைவது அதுதான், மாடலுக்கு மாடல் அது வேறுபடலாம்.

எல்லாவற்றையும்விட எங்களுக்குக் கவலை வெள்ளம். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும். பல கிலோமீட்டர் தொலைவில் மேல்மலையில் பெய்த மழை இடுக்கு வழியாகப் பாய்ந்து வரும். ஓடைத் தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, சுள்ளிகள் மிதந்து வந்தாலோ சைக்கிளைப் போட்டுவிட்டு மேட்டில் ஏறுங்கள். ஓடையோடு கீழ்நோக்கி ஓட்டித் தப்ப முயலாதீர்கள். சுவர்கள் வானத்தை மறைப்பதால் ஜிபிஎஸ் இடம் தவறிக் காட்டும், செல்போன் சிக்னலும் பெரும்பாலும் கிடைக்காது. காகித வரைபடம் அவசியம்.

இனி இத்தகைய படம் போடும்போது பாதையின் நீளம், மொத்த ஏற்றம், நடுவழியில் மேலேறி வெளியேறக்கூடிய இடங்கள் ஆகிய மூன்றையும் கீழே அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மலைப்பாதை சைக்கிள் ஓட்டிகள் சிலர்