ஃபென்டாஸ்டிக் ஃபோர் கட்டுரையில் விடுபட்ட ஒரு பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், சூப்பர் ஹீரோ குழுக்கள் பிரிவதும் மறுபடி சேர்வதும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மார்வெல் காமிக்ஸின் ஃபென்டாஸ்டிக் ஃபோருக்கு, அதாவது ரீட் ரிச்சர்ட்ஸ், அவன் மனைவி சூ, உடம்பே நெருப்பாகும் ஜானி, பென் கிரிம் என்ற நால்வருக்கு, அதில் கிடைத்தது நாலே வரி. பூமியைத் தின்ன வரும் வில்லனை அடித்து விரட்டும் நால்வர், விற்பனை குறைந்தால் பிரித்துவிடுவார்கள், தேவைப்பட்டால் சேர்த்துவிடுவார்கள் என்கிற மாதிரி எழுதியிருந்தது. கல்லூரி நாட்களில் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஓர் இதழை வாங்கியதிலிருந்து இன்றுவரை இவர்களை விடாமல் படித்து வருகிறேன். அந்த நாலு வரியில் வில்லனைப் பற்றிச் சொன்னதும் சரியில்லை, பிரிவைப் பற்றிச் சொன்னதும் சரியில்லை, அப்புறம் வரவே வேண்டிய ஒரு பெயர் வரவே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 'வில்லன்'. கலாக்டஸ் வந்தது 1966இல், 48, 49, 50ஆம் இதழ்களில். அவனுக்கு யார்மேலும் கோபம் கிடையாது, உலகை ஆளும் ஆசையும் கிடையாது. அவனுக்கு இருப்பது பசி. கிரகங்களின் சக்தியை உறிஞ்சினால்தான் அவன் உயிர் நிற்கும். அவனை யாராலும் அடித்து விரட்ட முடியவில்லை, பாறை உடம்பு கொண்ட பென் கிரிம் முழு பலத்தோடு குத்தியும் கலாக்டஸ் அதைப் பொருட்படுத்தவே இல்லை. அப்படியானால் பூமி எப்படிப் பிழைத்தது? பென்னின் காதலி அலீசியா, கண் தெரியாத சிற்பி, கலாக்டஸின் தூதனான சில்வர் சர்ஃபரிடம் பேசினாள். பேசினாள், அவ்வளவுதான். மனிதர்கள் வாழத் தகுந்தவர்கள் என்று அவன் மனதில் பட வைத்தாள், அவன் தன் எஜமானுக்கு எதிராக நின்றான். அந்த இடைவெளியில் ஜானி அண்டத்தின் மறுகோடிக்குப் போய், எதையும் இல்லாமல் ஆக்கிவிடக்கூடிய ஒரு சின்னக் கருவியை எடுத்து வந்தான், அதை ரீட் ரிச்சர்ட்ஸ் கையில் பிடித்துக்கொண்டு பேரம் பேசித்தான் கலாக்டஸ் கிளம்பிப் போனான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 50ஆம் இதழ் அதோடு முடிவதில்லை, மிச்சப் பக்கங்களில் ஜானி கல்லூரியில் சேரப் போகிறான்! உலகமே அழிய இருந்த அதே இதழில் ஒரு பையனின் கல்லூரி முதல் நாளும் இருக்கிறது. இந்தக் கதைகள் என் மனதில் ஒட்டிக்கொண்டது அங்கேதான்.

பின்னாளில் ஜான் பிர்ன் எழுதி வரைந்த 244ஆம் இதழில், சாகக் கிடந்த கலாக்டஸை ரீடே காப்பாற்றுகிறான். 262ஆம் இதழில் அதற்காகவே அவனை விசாரணைக் கூண்டில் நிறுத்துகிறார்கள், கலாக்டஸால் உலகங்களை இழந்தவர்கள் எதிரில் நின்று கேட்கிறார்கள். சாகட்டும் என்று விட்டிருக்கலாமா கூடாதா என்று நானும் நண்பனும் ஒரு ராத்திரி முழுக்கப் பேசியிருக்கிறோம். வில்லனை அடித்து விரட்டும் கதை என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் இதற்கெல்லாம் எங்கே இடம்?

சரி, பிரிவுக்கு வருகிறேன். 2015இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் புத்தகம் நின்றுபோனது உண்மை. சினிமா உரிமை அப்போது வேறு நிறுவனத்திடம் இருந்தது, அதனால்தான் நிறுத்திவிட்டார்கள் என்று ரசிகர்கள் ஊரெல்லாம் பேசினார்கள். காரணம் எதுவாகவும் இருக்கட்டும். கதைக்குள் நடந்ததைப் பாருங்கள். அழிந்துபோன பிரபஞ்சங்களை மறுபடி உருவாக்க ரீடும் சூவும் பிள்ளைகள் ஃபிராங்க்ளின், வலேரியாவோடு போய்விட்டார்கள். பென்னும் ஜானியும் பூமியில் தனியாக நின்றார்கள், போனவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதே தெரியாமல். ஜானி சூவின் தம்பி. ஆங்கிலத்தில் பென்னும் அங்கிள், ஜானியும் அங்கிள். தமிழில் படித்துப் பார்த்தால்தான் ஜானி அந்தப் பிள்ளைகளின் தாய்மாமன் என்பது உறைக்கும். அக்காவையும் அக்கா பிள்ளைகளையும் ஒரே நாளில் தொலைத்த தாய்மாமன்!

சிப் ஸ்டார்ஸ்கி எழுதி 2017 டிசம்பரில் தொடங்கிய தொடரில், நால்வரும் பிரிந்திருப்பதால் ஜானியின் நெருப்பு மெல்ல அணைந்துகொண்டே வருகிறது. அவன் நொந்துபோவதைப் பார்க்கப் பொறுக்காமல் பென் ஒரு பொய் சொல்கிறான், ரீடையும் சூவையும் தேடிக் கண்டுபிடிக்கலாம், அவர்கள் இருக்கிறார்கள் என்று. அந்த நம்பிக்கை பென்னுக்கே கிடையாது. அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு பென் உலகம் உலகமாகத் திரிகிற பக்கங்களைப் படித்தவர்கள், 'விற்பனைக்காகச் சேர்த்தார்கள்' என்று அவ்வளவு சுலபமாக எழுதமாட்டார்கள்.

2018 ஆகஸ்டில் டான் ஸ்லாட் எழுத, சாரா பிகெல்லி வரைய, புது முதல் இதழ் வந்தது. மூன்று வருடத்துக்கும் மேல் காத்திருந்து வாங்கினால், முதல் இதழில் நால்வரும் சேரவே இல்லை. பென் அலீசியாவிடம் கல்யாணம் கேட்கிறான். இதழின் முடிவில்தான் வானத்தில் 4 என்ற எண் எரிகிறது. அண்டங்களின் முடிவில் காத்திருக்கும் கிரீவர் என்ற சக்தி, ரீடும் பிள்ளைகளும் உருவாக்கிய உலகங்களை அழிக்க வந்து நிற்க, எல்லாம் கைமீறிய நேரத்தில் ரீட் தன் குடும்பத்தைக் கூப்பிடுகிறான். இரண்டாம் இதழிலிருந்து பாருங்கள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஃபிராங்க்ளினுக்கு மீசை அரும்பும் வயது. தாய்மாமன் பார்க்காத வருடங்கள் அவை. கிரீவர் பெரிய ஆபத்துதான், ஆனால் நான் அந்த இடத்தில் திரும்பத் திரும்பப் பார்த்தது பிள்ளைகளின் உயரத்தைத்தான்.

ஐந்தாம் இதழில் பென்னுக்கும் அலீசியாவுக்கும் யூத முறைப்படி கல்யாணம். அந்த நேரம் பார்த்து கலாக்டஸ் வருகிறான். ரீட் என்ன செய்கிறான் தெரியுமா? வெளியே காலத்தை நான்கு நிமிடம் நிறுத்திவைக்கும் கருவி ஒன்றை முன்கூட்டியே செய்துவைத்திருக்கிறான், எது வந்தாலும் நண்பனின் கல்யாணம் நடுவில் நிற்கக் கூடாது என்று. அந்த நான்கு நிமிடத்துக்குள் கல்யாணம் முடிகிறது. அப்புறம்தான் கலாக்டஸ்.

இப்போது விடுபட்ட பெயர். ஜாக் கிர்பி. கட்டுரையில் கதாசிரியர் ஸ்டான் லீ பெயர் மூன்று இடத்தில் இருக்கிறது. கிர்பி ஓர் இடத்தில்கூட இல்லை. 1961இல் முதல் இதழிலிருந்து தொடர்ந்து 102 இதழ்களை வரைந்தவர் அவர். அந்தக் காலத்தில் அவர்கள் வேலை செய்த விதம் இப்படி: கதையை இருவரும் வாய்ப்பேச்சாகப் பேசிக்கொள்வார்கள், கிர்பி வீட்டில் உட்கார்ந்து முழுக் கதையையும் காட்சி காட்சியாக வரைந்து அனுப்புவார், லீ அதில் வசனம் எழுதுவார். கலாக்டஸ் கதையின் பக்கங்கள் வந்தபோது, பேசிக்கொண்டதில் இல்லாத ஒருவன் வெள்ளிப் பலகையில் வானத்தில் பறந்துகொண்டிருந்தான். சில்வர் சர்ஃபர் வந்தது அப்படித்தான். அவன் இல்லாவிட்டால் அலீசியா யாரிடம் பேசியிருப்பாள்?

கிர்பி நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில், ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பென் கிரிம் வளர்ந்த யான்சி தெரு, அந்தப் பக்கத்து டெலான்சி தெருவை நினைவில் வைத்து வந்த பெயர். அவர் இரண்டாம் உலகப் போரில் போய்ச் சண்டை போட்டு வந்தவர். 1970இல் மனக்கசப்போடு மார்வெலை விட்டுப் போனார், 1994இல் இறந்தார். அவர் குடும்பம் உரிமைக்காக நடத்திய வழக்கு 2014இல்தான் சமரசமானது. 2025 ஜூலையில் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் படத்தில் அந்த உலகத்துக்கு 828 என்று எண் வைத்தார்கள், ஆகஸ்ட் 28, அவர் பிறந்தநாள். சினிமாக்காரர்களே நினைவு வைத்துச் செய்த மரியாதை, நம் பத்திரிகையில் ஒரு வரியாவது வந்திருக்க வேண்டாமா?

கட்டுரை எழுதியவர்மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. படங்களை மட்டும் பார்த்து எழுதியிருப்பார். வருகிற ஆகஸ்ட் 28ஐ ஒட்டி இணைப்பில் அரைப் பக்கம் ஒதுக்க முடியுமா? அதில் 51ஆம் இதழைப் பற்றி மட்டும் எழுதச் சொல்லுங்கள். பெயரே சொல்லப்படாத ஒருவன், ரீட்மேல் பொறாமைப்பட்டு, பென்னின் உருவத்தைத் திருடிக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைகிறான், கடைசியில் அதே ரீடைக் காப்பாற்றத் தன் உயிரைக் கொடுக்கிறான். அந்த இதழின் முதல் பக்கத்தில் பென் கொட்டும் மழையில் தனியாக நிற்கிறான். முடிந்தால் அந்தப் படத்தையும் பெரிதாகப் போடுங்கள், கீழே ஜாக் கிர்பி என்று பெயரோடு.

அன்புடன்,
நெடுநாள் வாசகன்,
திருச்சி.