பம்பரும் ஸ்லைடரும் கட்டித் தரும் பட்டறைகளுக்கு

அன்புள்ள பட்டறைக்காரர்களுக்கு,

வணக்கம். கரடுமுரடுப் பாதைக்கு வண்டியைத் தயார் செய்ய வருகிறவர் உங்களிடம் முதலில் கேட்பது, "தகடு எத்தனை எம்எம்?" என்பதுதான். "ஆறு" என்கிறீர்கள். அவரும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்த ஆறு எம்எம் சேஸிஸில் எங்கே, எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று அவர் கேட்பதில்லை. நீங்களாகச் சொல்வதும் இல்லை. தகடு நடுவில் உடைந்து திரும்பி வரும் பம்பர் அபூர்வம். பிடிமானம் கிழிந்து வருவதுதான் வழக்கம்.

ஸ்லைடரை முதலில் எடுத்துக்கொள்வோம், தவறு அதிகம் அதில்தான். கதவுக்குக் கீழே ஓடும் அந்தக் குழாயைப் பலர் கால்படியாகவே நினைத்துக் கட்டுகிறார்கள். கால்படி ஒரு ஆளைத் தாங்கினால் போதும். ஸ்லைடரோ 2,200 கிலோ வண்டி பாறையிலிருந்து வழுக்கி உட்காரும்போது ஒரு டன்னுக்கு மேல் வாங்க வேண்டும், சில நேரம் ஒரே காலில் (குழாயைச் சேஸிஸோடு இணைக்கும் துண்டில்). தனி சேஸிஸ் உள்ள வண்டியில் அதை பாடியின் அடித்தகட்டோடு போல்ட் போட்டு மாட்டினால், முதல் பாறையிலேயே தகடு உள்ளே மடங்கும், கதவு திறக்காது. மாட்ட வேண்டிய இடம் சேஸிஸ் மட்டும்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சேஸிஸிலிருந்து குழாய் வரைக்கும் கால் 150 மி.மீ. நீளம், காலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே வரும் பிடிதகட்டின் உயரம் 100 மி.மீ. என்று வையுங்கள். குழாயின் கீழே 1,000 கிலோ முட்டினால், கால் மேல்நோக்கி மடங்கப் பார்க்கும். பிடிதகட்டின் மேல்விளிம்பு சேஸிஸை அழுத்தும். கீழ்விளிம்பு பிய்த்துக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். அந்த இழுவை சுமார் 1,500 கிலோ. ஆக, உயிர் இருப்பது கீழ்ப்பக்க வெல்டில். ஆனால் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, பொறி முகத்தில் விழ விழ வைக்க வேண்டிய வெல்டும் அதுவேதான். அதனால் மேலே நாணயங்களை அடுக்கிவைத்த மாதிரி அழகான கோடும், கீழே இரண்டு டேக்கும் (தற்காலிகப் பொட்டு வெல்டும்), அதன்மேல் கறுப்புப் பெயிண்டும்! தலைக்குமேல் வெல்டு கைவராவிட்டால் வெட்கமில்லை. பிடிதகட்டையும் காலையும் மேசையில் வைத்து முழுதாக வெல்டு செய்துகொண்டு, வண்டியில் போல்ட் போட்டு மாட்டும் வடிவத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

காலைப் பிடிதகடு இல்லாமல் நேராகச் சேஸிஸில் ஒட்டவே கூடாது. பல வண்டிகளில் சேஸிஸ் சுவர் 3 மி.மீ. அளவுதான்; குழாயின் முனை அதைப் பஞ்ச் மாதிரி உள்ளே தள்ளும். 5 அல்லது 6 மி.மீ. தகடு, மூலைகள் 20 மி.மீ. ஆரத்துக்கு உருட்டியது, பக்கச்சுவரில் மட்டும். சேஸிஸின் மேல், கீழ் விளிம்புகளில் கையே வைக்காதீர்கள்; வண்டி வளையும்போது அதிக இழுவை அங்கேதான். சேஸிஸுக்குக் குறுக்கே செங்குத்தாக ஓடும் நேர்க்கோட்டு வெல்டும் வேண்டாம், விரிசல் அந்தக் கோட்டின் ஓரத்திலேயே தொடங்கும். தகட்டின் இரு முனைகளையும் சாய்வாக வெட்டிவிட்டால் வெல்டும் சாய்ந்தே ஓடும்.

போல்ட் முறையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சேஸிஸ் பெட்டி வடிவமாக இருந்தால், குறுக்கே போல்ட் விட்டு முறுக்கும்போது இரண்டு சுவர்களும் உள்வாங்கும். முறுக்கு ஏறிய மாதிரி தெரியும், நாலு நாளில் தளர்ந்துவிடும். உள்ளே சுவருக்குச் சுவர் சரியான நீளத்தில் ஒரு ஸ்லீவ் குழாய் வையுங்கள். துளை போடுமுன் உள்பக்கம் பிரேக் குழாயோ வயரிங்கோ போகிறதா என்று பாருங்கள்.

குழாய்க்கு வருவோம். டியூபில் வெளிவிட்டம் 44.45 மி.மீ., சுவர் 3.05 மி.மீ. என்பது பலரும் நம்பும் அளவு; மீட்டருக்கு 3.1 கிலோ. தண்ணீர்க் குழாயில் "ஒன்றரை அங்குலம்" என்பது பெயரளவுதான், அதன் வெளிவிட்டம் 48.3 மி.மீ. டியூபுக்குச் செய்த டையில் (வளைக்கும் அச்சில்) அது உட்காராது. தண்ணீர்க் குழாய் டையில் டியூபை வளைத்தால் உள்வளைவு நசுங்கி மடிப்பு விழும். மடிப்பு விழுந்த இடம்தான் பிறகு மடங்கும் இடம், அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் வேண்டவே வேண்டாம். துத்தநாகம் வெல்டில் குமிழியாக நிற்கும், அதன் புகை வெல்டருக்கு ராத்திரி குளிர்காய்ச்சலைக் கொடுக்கும்.

பக்கத்துக்கு நான்கு கால். மூன்று போதும் என்கிறவர்கள் நடுக்காலுக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு இடைவெளி விழுகிறது என்று அளந்து பார்க்கட்டும். குழாய் வெளிப்பக்கமாக 10 முதல் 15 டிகிரி ஏறியிருந்தால் வண்டி பாறையில் தொங்கி நிற்காமல் வழுக்கிப் போகும். பாடி ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, சேஸிஸ் முறுக்கும்போது இரண்டும் தனித்தனியாக அசையும். ஆகவே ஸ்லைடருக்கும் பாடிக்கும் நடுவே 15 முதல் 20 மி.மீ. விடுங்கள். டேக் அடித்ததும் எல்லாக் கதவையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

கால்கள் எல்லாம் குழாயின் ஒரே பக்கம் இருப்பதால், வெல்டு ஆறும்போது குழாயின் இரு முனையும் சேஸிஸ் பக்கமாக இழுத்துக்கொள்ளும். மேசையில் நேராக இருந்தது வண்டியில் வில்லாகும். இடது, வலது இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து, கால்கள் வெளியே பார்க்கும்படி கிளாம்ப் போடுங்கள். ஒரு பக்கம் 30 மி.மீ., மறுபக்கம் 30 மி.மீ. என்று மாற்றி மாற்றி வையுங்கள். முழுதாக ஆறும்வரை கிளாம்பைக் கழற்றாதீர்கள்.

பம்பரில் எடைதான் முதல் பிரச்சினை. 6 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 47 கிலோ, 4 மி.மீ. 31 கிலோ. ஒன்றரை சதுர மீட்டர் தகட்டில் 24 கிலோ வித்தியாசம். முன் அச்சிலிருந்து 80 செ.மீ. முன்னால் 100 கிலோ தொங்கவிட்டால், சக்கர இடைவெளி 2.8 மீட்டர் உள்ள வண்டியில் முன் அச்சுக்கு 129 கிலோ ஏறும், பின் அச்சில் 29 கிலோ குறையும். ஸ்பிரிங் மாற்றச் சொல்லாமல் அந்தப் பம்பரை மாட்டி அனுப்புவது பாதி வேலை. வெளித்தோலுக்கு 4 மி.மீ., விஞ்ச் (வண்டியை இழுக்கும் கயிற்று உருளை) உட்காரும் தட்டுக்கும் சேஸிஸ் பிடிக்கும் 6 மி.மீ. போதும்.

விஞ்ச் விஷயத்தில் பெரிய தவறு சட்டகத்தில் இல்லை, கைக்கு எட்டாமையில். 8,000 முதல் 12,000 பவுண்டு வகைகளில் பெரும்பாலானவற்றுக்குப் போல்ட் இடைவெளி 254 × 114.3 மி.மீ.; அதை எல்லோரும் சரியாகத் துளைக்கிறார்கள். கிளட்ச் நெம்புகோலுக்கு விரல் போகுமா, பம்பரை அறுக்காமல் விஞ்சை இறக்க முடியுமா என்று பார்ப்பவர்கள் குறைவு. ரேடியேட்டருக்குக் காற்று வரும் வாயையும் அடைக்காதீர்கள்.

இழுக்கும் கொக்கியை முகத்தகட்டின் மேல் ஒட்டி விற்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். தகடு வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வரும். இழுக்கும் பெல்ட்டோடு பறக்கும் இரும்பு எதிரே நிற்பவரின் தலைக்குத்தான் போகும். 25 மி.மீ. தடிமனுள்ள காது (துளையிட்ட இழுவைத் தகடு) முகத்தகட்டைத் துளைத்துப் பின்னால் போய், சேஸிஸ் பிடிதகட்டோடு சேர்ந்து, இரு பக்கமும் வெல்டு ஆக வேண்டும். அதில் மாட்டும் 4.75 டன் ஷேக்கிளின் (இழுவை வளையத்தின்) ஊசி 22 மி.மீ., துளை 25 போதும். துளையைச் சுற்றி இன்னொரு துளை அளவுக்காவது இரும்பு மிஞ்சட்டும்.

ஏர்பேக் உள்ள வண்டியில், மோதலில் நசுங்குவதற்கென்றே வைத்த முன்பெட்டிகளை வெட்டி எறிந்துவிட்டு நேராக இரும்பை வைக்காதீர்கள். சென்சாரைக் கழற்றினால் அதே இடத்தில், அதே திசையில் திரும்ப வையுங்கள். பம்பருக்குப் பின்னால் ராடார் இருந்தால் அதன் முன்னே இரும்பே வரக்கூடாது.

வண்டியில் நேரடியாக வெல்டு செய்யும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றி, எர்த் கிளாம்பை வெல்டுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். எங்கோ பிடித்தால் மின்சாரம் சக்கர பேரிங் வழியாகப் பாதை தேடும். குழாய் முனையை மூடுமுன் ஒரு சிறு துளை விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே சூடான காற்று கடைசி வெல்டை ஊதித் தள்ளும். கீழே 8 மி.மீ. வடிகால் துளையும் தேவை. ஸ்லைடருக்குப் பவுடர் கோட்டிங் வீண். பாறை ஒரு கீறல் போட்டதும் ஈரம் உள்ளே போய்த் தோலுக்கடியில் துரு பரவும். துத்தநாகப் பிரைமரும் சாதாரணக் கறுப்புப் பெயிண்டும் அடித்துக் கொடுங்கள், கீறல் விழுந்தால் அவரே தொட்டுக்கொள்வார்.

ஒரு வேண்டுகோள். பெயிண்ட் அடிக்குமுன் ஒவ்வொரு காலின் கீழ்ப்பக்க வெல்டையும் பக்கத்தில் போய்ப் படமெடுத்து வண்டிக்காரருக்கு அனுப்புங்கள். எட்டுக் கால், எட்டுப் படம்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்லைடர்மேல் வண்டியை உட்கார வைப்பவர்கள்