சிஞ் ஊர்க்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள சிஞ் ஊர் மக்களுக்கு,

குதிரையில் பாய்ந்து வந்து வளையத்தை ஈட்டியால் குத்தும் உங்கள் ஆல்கா போட்டி நடந்த ஆகஸ்ட் முதல் ஞாயிறன்று, வெயிலில் மயங்கிச் சரிந்த என் அப்பாவைத் தாங்கிப் பிடித்தவர்களில் ஒருவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அதனால் இந்த மடலை ஊருக்கே எழுதுகிறேன்.

உங்கள் நாடான குரோவேஷியாவுக்கு வருபவர்கள் பெரும்பாலும் கடற்கரையோடு திரும்பிவிடுகிறார்கள். நாங்களும் கடலோர நகரமான ஸ்ப்ளிட்டோடு திரும்பியிருப்போம். 1715-இல் உங்கள் கோட்டையிலிருந்த சிலநூறு பேர் பெரும் உதுமானியப் படையைத் தடுத்து நிறுத்தியதையும், அதன் நினைவாக இன்றும் குதிரையேறி ஈட்டி ஏந்துவதையும் அப்பா எங்கோ படித்திருந்தார். பார்த்தே ஆக வேண்டும் என்றார்.

ஊர்வலத்தில், யாரும் ஏறாத எடெக் குதிரையை அலங்கரித்து நடத்திவந்தார்கள். அது எங்களைக் கடந்த கணத்தில் அப்பாவின் கால் மடங்கியது. இரண்டு இளைஞர்கள் தூக்கினார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து, ஈரத்துண்டைப் பிடரியில் போட்டு, சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்தார். செவிலியர் என்று சைகையில் சொன்ன ஒரு பெண் நாடி பார்த்தார். அப்பா கண் திறந்து பேசும்வரை அவர் நகரவேயில்லை. போட்டியைப் பார்க்கத்தானே அவரும் வந்திருப்பார்!

அப்புறம் அந்த வீட்டுப் பையன். எங்களை ஜன்னலோரம் உட்கார வைத்து, ஒரு தாளில் இரும்பு வளையத்தை வரைந்து காட்டினான். வட்டத்துக்குள் வட்டம், இரண்டையும் இணைக்கும் மூன்று கம்பிகள். உள்வட்டத்தில் ஈட்டி நுழைந்தால் 3 புள்ளி, மேல்பகுதிக்கு 2, கீழிரண்டுக்கும் ஒவ்வொன்று. ஒவ்வொருவருக்கும் மூன்று ஓட்டம். உள்வட்டம் எலுமிச்சம்பழ அளவுகூட இருக்காது. பாய்ந்தோடும் குதிரையின் மேலிருந்து அதைக் குத்த வேண்டும்! 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த விழா என்று எனக்குத் தெரியும். ஆனால் அதன் அருமை அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒருவர் நடுவில் குத்தியதும் தெருவே "உ ஸ்ரிது!" (நட்ட நடுவில்!) என்று கத்தியது. அப்பாவும் எழுந்து நின்று கத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரவில் எங்களைத் தன் காரில் ஸ்ப்ளிட் வரை கொண்டுவிட்டுப் பெட்ரோல் காசுகூட வாங்காத அண்ணனுக்கும், வழியில் சாப்பிடச் சொல்லி ஆரம்பாஷிச்சி பொட்டலம் கட்டிக்கொடுத்தவருக்கும் நன்றி. முட்டைக்கோஸ் இலையில் கறியைச் சுருட்டிய அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

தம்பி, நீ வரைந்த தாள் அப்பாவின் மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. பாட்டி, உங்கள் துண்டு தவறுதலாக எங்கள் பையில் வந்துவிட்டது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
அன்று உங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகள்