பத்து மணி நேரம் கேட்ட பெண்கள்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பேரன் ராத்திரியைப் பகலாக்கிக்கொண்டிருக்கிறான், அதனால்தான் தாமதம். மகள் நன்றாகத் தேறிவிட்டாள். நீ கிளறிக் கொடுத்த லேகியம் இன்னும் பாதி இருக்கிறது. தினமும் ஒரு உருண்டை கொடுக்கிறேன்.

போன சனிக்கிழமை மாப்பிள்ளை என்னை லோவெல் என்ற ஊருக்கு அழைத்துப் போனார். பாஸ்டன் பக்கம்தான். மெரிமாக் ஆற்றங்கரையில் பெரிய பெரிய செங்கல் மில்கள். அதில் பூட் மில்லை இப்போது அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நெசவுக் கூடத்துக்குள் நுழையும் முன்பே காதடைப்பான் கொடுத்தார்கள். ஓடியது சில தறிகள்தான். அதற்கே தரை அதிர்ந்து கால் வழியாக உடம்பில் ஏறியது. நூற்றுக்கணக்கில் ஓடினால் எப்படி இருந்திருக்கும்! நீ சொல்வாயே, உன் அப்பா மில்லிலிருந்து வந்தால் வீட்டிலும் சத்தமாகத்தான் பேசுவார் என்று. அதுதான் ஞாபகம் வந்தது.

1820களில் பாஸ்டன் முதலாளிகள் அங்கே கால்வாய் வெட்டி, ஆற்றுத் தண்ணீரின் வேகத்தால் இயந்திரங்களை ஓட்டினார்கள். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டார விவசாயக் குடும்பத்துப் பெண்கள், நிறைய பேருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. கம்பெனி விடுதியில் தங்க வேண்டும், இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போயே ஆக வேண்டும். எழுவதும் உண்பதும் மணி அடித்தால்தான். வாரத்துக்கு 70 மணி நேரத்துக்கு மேல் வேலை. இதற்கு நடுவிலும் அவர்கள் படித்தார்கள், மல்லிகா! மில்லுக்குள் புத்தகம் கொண்டுவரத் தடை. லூசி லார்கம் என்ற பெண் செய்தித்தாளில் வந்த கவிதைகளை வெட்டித் தன் ஜன்னல் ஓரத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு, வேலைக்கு நடுவே படித்தாளாம். பின்னாளில் அவளே பெயர் பெற்ற கவிஞர் ஆனாள்.

1834-இல் கூலியைக் குறைத்தபோது ஏறக்குறைய 800 பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். சில நாளில் அடங்கிவிட்டது. 1836-இல் விடுதிச் செலவை ஏற்றினார்கள். இந்த முறை 1,500 பேருக்கு மேல். அப்போது ஹாரியட் ஹான்சன் என்ற மில் சிறுமிக்கு வயது 11. அவள் வேலை செய்த அறையில் இருந்த பெரிய பெண்கள் போகலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றார்கள். யார் வந்தாலும் வராவிட்டாலும் நான் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். அவள் அம்மா கம்பெனி விடுதி ஒன்றை நடத்தி வந்த விதவை. பெரிய பெண்களை உன்னால் தடுக்க முடியாது, உன் மகளைத் தடுத்திருக்கலாமே என்று சொல்லி, அந்த விடுதியை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆனால் என் மனதில் தங்கிவிட்டவள் சாரா பேக்லி. நெசவுக் கூடத்தில் வேலை செய்தவள். வேலை முடிந்த பிறகு உடன் வேலை பார்த்த பெண்களுக்கு இரவு வகுப்பும் எடுத்திருக்கிறாள். அவளும் சில தோழிகளும் 1844 கடைசியில் ஒரு பெண் தொழிலாளர் சங்கம் தொடங்கினார்கள். முன்பு சண்டை காசுக்காக. இவர்கள் கேட்டது நேரம். நாளுக்குப் பத்து மணி நேர வேலை, அதைச் சட்டமாக்க வேண்டும். கையெழுத்து வாங்கி மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். ஓட்டு இல்லாத பெண்கள்! 1845 பிப்ரவரியில் விசாரணைக் குழுவின் முன் நின்று, சாப்பிடக் கொடுக்கும் நேரம் போதவில்லை, அதுதான் உடம்பைக் கெடுக்கிறது என்று சாரா சொன்னாள். இன்னொருத்தி தான் வேலை செய்யும் அறையில் எரியும் விளக்குகளை எண்ணியே சொன்னாள்: சின்னது 293, பெரியது 61. அந்தப் புகையில்தான் மூச்சு விட வேண்டும்.

குழுவினர் மில்லைப் பார்க்க வந்தார்கள். வளாகத்தில் புல்வெளியும் மரமும் பூச்செடியும் நன்றாக இருப்பதாக அறிக்கையில் எழுதிவிட்டு, வேலை நேரத்தில் சட்டம் தலையிட வேண்டாம் என்று முடித்துவிட்டார்கள். குழுத் தலைவர் வில்லியம் ஷௌலரை அடுத்த தேர்தலில் தோற்கடிக்க அந்தப் பெண்கள் பிரசாரம் செய்தார்கள். அவர் தோற்றார். சாரா 1846-இல் தந்தி அலுவலக வேலைக்குப் போனாள். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பத்து மணி நேரம் என்று மாசசூசெட்ஸில் சட்டம் வந்தது 1874-இல். மனு கொடுத்து கிட்டத்தட்ட 30 வருஷம். அதற்குள் தறிகளில் அயர்லாந்துப் பெண்கள் நிறைய வந்துவிட்டார்கள்.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த மில்களுக்கு வந்த பஞ்சு தெற்கு மாநிலங்களில் அடிமைகள் பறித்தது. அவர்கள் உடுத்துவதற்கென்றே முரட்டுத் துணியையும் லோவெலில் நெய்து அனுப்பியிருக்கிறார்கள். தெற்கில் அதற்கு லோவெல் துணி என்றே பெயர். போராட்டத்தில் தங்களை அடிமைகளோடு ஒப்பிட்டுப் பேசிய பெண்களின் கையில்தான் அந்தத் துணி உருவானது. சிலர் அடிமை முறையை எதிர்த்தும் மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் மறுநாள் காலை மணி அடித்ததும் அதே பஞ்சைத்தானே தொட்டிருப்பார்கள்? மூன்று நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன்னோடு திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

அந்தக் கூடத்துத் தறியில் நெய்த துண்டுகளை அங்கேயே விற்கிறார்கள். உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று வாங்கியிருக்கிறேன். நல்ல கனமான துணி. அடுத்த மாதக் கடைசியில் ஊருக்கு வந்துவிடுவேன். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே, துணியைக் கீழேயே காயப் போடு.

அன்புடன்,
சாந்தா