சாய்வுக்கும் அலகு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரைபடத்தில் புள்ளிகளின் நடுவே ஒரு போக்குக் கோட்டை இழுத்துவிட்டு, மேலே ‘கிடுகிடு உயர்வு’ என்று தலைப்புப் போடுவது நாளிதழ்களில் வழக்கமாகிவிட்டது. அந்தக் கோட்டின் சாய்வு எவ்வளவு என்ற எண்ணைத்தான் காணோம். கண்ணை நம்பி உயர்வை எடைபோட முடியாது. செங்குத்து அச்சைப் பூஜ்ஜியத்துக்குப் பதில் 90-இல் தொடங்கினால் அதே கோடு மலையேறும். படத்தை அகலமாக்கினால் படுத்துவிடும். சாய்வின் மதிப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

கிடை அச்சில் ஓர் அலகு நகர்ந்தால் செங்குத்து அச்சில் எவ்வளவு மாறுகிறது என்பதே சாய்வு. ஆகவே ‘ஆண்டுக்கு இத்தனை மில்லிமீட்டர்’ என்பதுபோல் அலகோடு சொன்னால்தான் அதற்குப் பொருள். எக்செல் காலை வாருவதும் இங்கேதான். லைன் சார்ட்டில் அச்சின் கீழே 2000, 2005, 2010 என்று எழுதியிருந்தாலும், போக்குக் கோட்டுக்கு அது பெரும்பாலும் 1, 2, 3 என்றே எடுத்துக்கொள்ளும். வருகிற சாய்வு ஐந்தாண்டுக்கு உரியது. ‘ஆண்டுக்கு’ என்று அச்சேறினால் ஐந்து மடங்கு பிழை. இரு அச்சுகளிலும் எண்களை எண்களாகவே எடுத்துக்கொள்ளும் ஸ்கேட்டர் சார்ட் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதில் ஆண்டுக்குப் பதில் முழுத் தேதியைக் கொடுத்தால் சாய்வு நாள் கணக்கில் வரும், 365.25-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

கோட்டின் சமன்பாட்டில் தசம இலக்கங்களைக் குறைத்து எழுதும்போதும் கவனம் வேண்டும். சாய்வு 0.346 என்பதை 0.35 என்று எழுதினால் வித்தியாசம் வெறும் 0.004தான். அதையே 2020 என்ற ஆண்டால் பெருக்கினால் விடையில் 8 அலகு தவறிவிடும். எல்லா ஆண்டுகளிலிருந்தும் தொடக்க ஆண்டைக் கழித்துவிட்டுக் கோடு போட்டால் இது தீரும். வெட்டுத்துண்டும், அதாவது கிடை அச்சு பூஜ்ஜியமாக இருக்கும்போது கோடு காட்டும் மதிப்பும், தொடக்க ஆண்டின் மதிப்பாகப் பொருள் தரும். கழிக்காவிட்டால் அது கிறிஸ்து பிறந்த காலத்து மதிப்பைச் சொல்லிக்கொண்டிருக்கும்!

ஒரே ஒரு புள்ளி என்ன செய்யும் என்பதைத் தாளில் போட்டே பார்க்கலாம். ஐந்து ஆண்டுகளில் 10, 10, 10, 10, 20. புள்ளிகளுக்கும் கோட்டுக்கும் உள்ள செங்குத்து இடைவெளிகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும்படி கோடு போடும் மீச்சிறு வர்க்க முறையில் சாய்வு ஆண்டுக்கு 2. அந்த 20 நடுவில், மூன்றாம் ஆண்டில் வந்திருந்தால் சாய்வு பூஜ்ஜியம். ஓரத்துப் புள்ளிக்கு நெம்புகோல் பலம். கடைசி ஆண்டு வழக்கத்துக்கு மாறானது என்றால் அதை நீக்கிவிட்டும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

எந்தக் காலத்தை எடுக்கிறோம் என்பது இதைவிடப் பெரிய விஷயம். ஹவாயின் மௌனா லோவா எரிமலையிலுள்ள ஆய்வகத்தில் 1958 முதல் காற்றின் கரியமில வாயு அளக்கப்படுகிறது. வட அரைக்கோளத் தாவரங்கள் கோடையில் வாயுவை உறிஞ்சுவதால் அளவு மே மாதத்தில் உச்சம் தொட்டு, செப்டம்பர்வாக்கில் அடிமட்டத்துக்கு வரும். மே முதல் செப்டம்பர் வரை கோடு போட்டால் வாயு குறைகிறது என்று ‘நிரூபித்து’விடலாம். அக்டோபர் முதல் மே வரை போட்டால் ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் 10 பங்குக்கும் மேல் ஏறுவதாகத் தோன்றும். முழு ஆண்டுகளை எடுத்தால்தான் உண்மை தெரியும். அதிலும் 1958 முதல் இன்றுவரை ஒரே நேர்கோடு போட்டால் சாய்வு ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் சுமார் 1.6 பங்கு. 1960-களில் உயர்வு ஆண்டுக்கு 1-க்கும் குறைவு. 2010-களில் ஏறத்தாழ 2.4. அந்தச் சராசரிச் சாய்வு அன்றைக்கும் பொருந்தாது, இன்றைக்கும் பொருந்தாது. புள்ளிகள் இரு முனைகளிலும் கோட்டுக்கு மேலேயும் நடுவில் கீழேயும் கிடந்தால், போக்கு வளைவானது என்று அறிக.

சாய்வின் திட்டப்பிழையையும், அதாவது கணக்கிட்ட சாய்வு எவ்வளவு முன்னேபின்னே இருக்கலாம் என்பதன் அளவையும், பார்த்தாக வேண்டும். சாய்வு 0.4, திட்டப்பிழை 0.3 என்றால் உயர்வு என்றே சொல்ல முடியாது; திட்டப்பிழையின் இருமடங்கைக் கழித்தால் விடை பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடுகிறது. எக்செலின் லைன்எஸ்ட் சார்பு சாய்வோடு இதையும் தரும்.

தங்கள் நாளிதழில் இனி வரும் வரைபடங்களின் அடியில் இப்படி ஒரு வரி சேர்த்தால் போதும்: ‘சாய்வு: ஆண்டுக்கு 0.35 அலகு, திட்டப்பிழை 0.1, 2000–2020, ஆண்டுச் சராசரிகள்.’

இப்படிக்கு,
புள்ளியியல் கற்பிக்கும் வாசகர்