பாப்பாவுக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் எடுப்பதில்லை, அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் மட்டும் வருகிறது. விசேஷம் உண்டா என்று உங்கம்மா கேட்டதுதான் கோபம், தெரியும். இனிமேல் கேட்க மாட்டாள், சொல்லிவிட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை பௌர்ணமி வந்தால் மேலூர், திருவொற்றியூர், முல்லைவாயல் என்று மூன்று அம்மனையும் ஒரே நாளில் பார்க்கக் கிளம்பிவிடுகிறாள், அதை என்னால் நிறுத்த முடியாது.

புனேயில் மழை விட்டதா? இங்கே மாடித் தண்ணீர்த்தொட்டி மாற்றியாச்சு.

சரி. அப்பா எழுதுகிற விஷயமா இது என்று நினைப்பாய். அம்மா எழுதினால் படிக்க மாட்டாய், அதனால் நான்.

ஸ்டான்லியில் சுகர் மாத்திரை வாங்கப் போனபோது அங்கே ஒரு லேடி டாக்டரிடம் தெரிந்த பெண்ணுக்கு என்று சொல்லிக் கேட்டேன். "உங்க பொண்ணுதானே" என்றார். தடுப்பு எதுவும் இல்லாமல் ஒரு வருஷம் ஆகியும் தங்கவில்லை என்றால் பார்க்க வேண்டும், 35 தாண்டினால் ஆறு மாதத்திலேயே போய்விட வேண்டுமாம். உனக்கு வருகிற தையில் 35. நான் அவசரப்படுத்தவில்லை, வயசு ஏற ஏற முட்டை குறையும் என்று அவர் சொன்னதைச் சொல்கிறேன். தைராய்டு மாத்திரையை விடாமல் போடுகிறாயா? நீர்க்கட்டி இருந்தால் எடையில் 5லிருந்து 10 சதவீதம் குறைந்தாலே சிலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகிவிடுமாம். ஆபீஸ் கேன்டீன் சாப்பாட்டைக் கொஞ்சம் குறை.

பத்தாவது படிக்கும்போது நீ டி.பி. மாத்திரை சாப்பிட்டதைச் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நுரையீரலில் இருக்கிற கிருமி ரத்தத்தோடு போய் கருக்குழாயில் உட்கார்ந்துகொள்ளுமாம். காய்ச்சல், இருமல் எதுவுமே இருக்காதாம், குழாய் மட்டும் அடைத்துக்கொள்ளும், கர்ப்பப்பையின் உள்பூச்சும் கெடலாம், நம் நாட்டில் நிறையப் பெண்களுக்கு இதனால்தான் தங்காமல் போகிறது என்றார். உனக்கு அப்படித்தான் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. முழு கோர்ஸும் முடித்தவள் நீ. ஒருநாள் விட்டு ஒருநாள் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் முன்னாலேயே விழுங்கிவிட்டு, சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று அழுதுகொண்டே ஸ்கூலுக்குப் போய், அந்த வருஷமே கணக்கில் 98 வாங்கினாய். ஆனாலும் டாக்டரிடம் சொல். மருந்து ஊற்றி எடுக்கிற குழாய் எக்ஸ்ரே தேவையா என்று அவர் முடிவு பண்ணுவார்.

உன் மாமியார் வீட்டுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம், பெண் பார்க்க வந்தபோதே பெரியப்பா சொன்னதுதான், அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் டாக்டர் மாமியார் இல்லை. மாமியார் கூட வந்தால் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுச் சொல்.

மாப்பிள்ளையையும் டெஸ்ட் எடுக்கச் சொல். பிள்ளை இல்லாத தம்பதிகளில் பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்குமாம். எர்ணாவூர் சித்தி மகளுக்கு என்ன ஆச்சு என்று உனக்குத் தெரியும், ஸ்கேன், ஊசி, ஆபரேஷன் எல்லாம் அவளுக்கே பண்ணி, கடைசியில் அவனைப் பார்த்தால் எண்ணிக்கையே இல்லை. இத்தனைக்கும் ஆம்பிளைக்கு முதல் டெஸ்ட் ஒரு சின்ன டப்பாவோடு முடிந்துவிடுகிறது. அந்த சிகரெட்டையும் விடச் சொல், அவருக்கும் கெடுதல், பக்கத்தில் நிற்கிற உனக்கும் கெடுதல். நான் சொன்னதாகச் சொல்லாதே. சொன்னாலும் பரவாயில்லை.

டி.எச். ரோடு முழுக்க குழந்தையின்மை சென்டர் போர்டுதான். இங்கே வந்து காட்டலாமே என்கிறாள் உங்கம்மா. வேண்டாம், அங்கேயே நல்ல டாக்டராகப் பார். டி.பி. விஷயத்தை மறக்காதே.

நீ மாத்திரை சாப்பிட்டதைக் குறித்துவைத்த அந்த ஆஸ்பத்திரி அட்டை பீரோவில் பத்திரமாக இருக்கிறது, தேதியெல்லாம் தெளிவாகத் தெரிகிறது. போட்டோ எடுத்து உன் நம்பருக்கு மட்டும் அனுப்புகிறேன், பேமிலி குரூப்பில் போட மாட்டேன். டாக்டரிடம் காட்டு.

அப்பா