தம்பிக்கு: அந்தப் பிள்ளையின் கையில் முதலில் எதைக் கொடுப்பாய்?

அன்புள்ள தம்பி,

போன சனிக்கிழமை சுடுதளத்தில் நடந்ததைப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் பிள்ளைக்கு அது இரண்டாவது வகுப்பு. .357 மேக்னம் என்ற வலுவான தோட்டா சுடும் ரிவால்வரில் ஆறையும் நிரப்பி அவள் கையில் கொடுத்தாய். ஒன்றுதான் சுட்டாள். துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு, உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே, "போதும் அண்ணே" என்றாள். பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. துணைப் போலீஸ் வேலையில் சேர்ந்த வருடம், சொல்லிக்கொடுக்க வந்த ஒருவர் என்ன தோட்டா என்றுகூடச் சொல்லாமல் பெரியதைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடம், சாதாரண .38 தோட்டாவைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் சுட்டேன். பொம்பளைக்குப் பயம், அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அந்தப் பயம் நான் கொண்டுபோனது இல்லை தம்பி. அங்கே எனக்குக் கொடுத்தனுப்பியது.

மலேசியாவில், பேராக் மாநிலத்து நம் சுங்கை சிப்புட்டில் துப்பாக்கிச் சத்தத்துக்கு ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. 1948 ஜூன் 16-ல் எல்ஃபில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். அதையொட்டித்தான் வெள்ளைக்காரன் ஆட்சி மலாயாவில் அவசரகாலத்தை அறிவித்தது. என் பாட்டி கடைசிவரை பட்டாசுச் சத்தம் கேட்டாலே லயத்துக் கதவைச் சாத்துவார். அப்புறம் 1960-ல் ஆயுதச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாவைக்கூட வைத்திருக்க முடியாது. அது நல்லதுதான். ஆனால் நம் பிள்ளைகள் துப்பாக்கியைச் சினிமாவில் பார்த்ததோடு சரி. சுடுதளத்தில் எடுப்பதுதான் அவர்களுக்கு முதல் தடவை. அந்த முதல் தடவை யார் கையில் இருக்கிறது என்று யோசித்துப் பார்.

அம்மா எனக்கு ரப்பர் மரத்தில் பால்வெட்டக் கற்றுக்கொடுத்தபோது முதலில் நல்ல மரத்தில் கத்தி வைக்க விடவில்லை. சீக்கிரம் வெட்டிச் சாய்க்கப்போகும் கிழட்டு மரமாகப் பார்த்து நிறுத்தினார். கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டாலும் யாரும் கத்தப் போவதில்லை. கை பழகிய பிறகுதான் நிரைக்கு, அதாவது நல்ல மரங்களின் வரிசைக்கு, அனுப்பினார். ரிவால்வரிலும் அப்படி ஒரு கிழட்டு மரம் இருக்கிறது. .357 மேக்னம் ரிவால்வரில் வலு குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாவைப் போட்டுச் சுடலாம். குண்டின் விட்டம் இரண்டுக்கும் ஒன்றே. 1935-ல் வந்த மேக்னத்துக்கு மருந்து நிரப்பிய உலோக உறை மட்டும் 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிக நீளம். நீளமானது பழைய .38 ரிவால்வருக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த நீளம். .44 மேக்னத்திலும் இதேபோல் .44 ஸ்பெஷலைச் சுடலாம். ஆக அதே பெரிய, கனமான துப்பாக்கி, சுடும்போது கையைப் பின்னால் தள்ளும் உதை மட்டும் பாதிக்கும் கீழே. அந்தக் கனம் அவளுக்கு எதிரி இல்லை என்பதையும் சொல். எடை கூடக்கூடக் கைக்கு வரும் உதை குறையும். பார்க்கச் சின்னதாக இருக்கிறதே என்று இலேசான குட்டைக் குழல் ரிவால்வரைப் புதியவர் கையில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதுதான் கையை அதிகம் நோகடிக்கும். (.38 நிறையச் சுட்ட நாளில் தோட்டா போடும் சுழல் உருளையான சிலிண்டரின் அறைகளைப் பிரஷ் போட்டுத் துடைத்துவிடு. உள்ளே கரி வளையம் படிந்தால் மேக்னம் தோட்டா உள்ளே போகாமல் சிக்கும்.)

கைக்கு முன்னால் காதைப் பார். என் அனுபவத்தில் பாதிப் பேர் பயப்படுவது உதைக்கு இல்லை, சத்தத்துக்கு. துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். மேக்னம் அதற்கும் மேலே. போன வாரம் அவள் போட்டிருந்தது தலைக்கு மேல் மாட்டும் காதுக்கவசம் மட்டும். அதுவும் மூக்குக்கண்ணாடிக் கம்பியில் இடித்து ஒரு பக்கம் இடைவெளி விட்டிருந்தது. உள்ளே நுரை அடைப்பான், மேலே கவசம், இரண்டும் வேண்டும். பக்கத்து வரிசையில் யாரும் சுடாத நேரமாகவும் இருக்கட்டும்.

பிறகு ஒரே ஒரு தோட்டா. ஆறு வேண்டாம். முதல் குண்டில் கை தூக்கிப் போட்டாலும் அடுத்தது தயாராக நிற்காது. பிடியில் கையை எவ்வளவு மேலே வைக்க முடியுமோ அவ்வளவு மேலே வைக்கச் சொல். உடம்பு கொஞ்சம் முன்னால் சாயட்டும். கட்டைவிரலும் சரி, மற்ற விரலும் சரி, சிலிண்டரின் முன்பக்கத்துக்குப் போகவே கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் சூடான வாயு பீறிடும், விரலைக் கிழித்துவிடும். அதைச் சொல்லும்போது பயமுறுத்தாமல், எங்கே என்று தொட்டுக் காட்டு, காலித் துப்பாக்கியில்.

இரண்டு மூன்று வகுப்பு போன பிறகு வெடிமருந்து இல்லாத டம்மி தோட்டாவையும் நிஜத் தோட்டாவையும் கலந்து, அவளுக்குத் தெரியாமல் நீ நிரப்பிக் கொடு. டம்மி வரும்போது 'டிக்' என்று சுத்தி மட்டும் விழும். வெடிக்காத துப்பாக்கியின் முனை அப்போது தானே கீழே குத்தும். அதை அவளே பார்ப்பாள். எனக்கு அப்படித்தான் விளங்கியது. குண்டு ஏன் எப்போதும் தாளின் அடியிலேயே விழுகிறது என்று இரண்டு வருடமாகத் தெரியாதது அந்த ஒரு 'டிக்'கில் தெரிந்தது. சத்தம் வருவதற்கு முன்னாலேயே நான் அதைத் தள்ளிக்கொண்டிருந்தேன். நீ ஒன்றும் சொல்லாதே. முனை அசையாமல் நிற்கும்வரை அவளே செய்யட்டும்.

மேக்னத்தை எப்போது கொடுப்பது என்று கேட்பாய். அவள் கேட்கும்போது கொடு. கேட்காவிட்டால் கொடுக்காதே, .38-லேயே அழகாகச் சுடட்டும். கேட்டால் அன்றைக்கு ஒன்று போதும். நன்றாகச் சுட்டாள் என்றால் இன்னும் ஐந்து என்று ஆசைப்படாதே. கை சோர்ந்த பிறகு சுடும் கடைசி ஐந்துதான் வீட்டுக்குக் கூடவே போகும்.

சிரித்த அந்த இரண்டு பேரிடமும் நான் பேசிவிட்டேன். வரும் சனிக்கிழமை அவளைப் பசியாறிவிட்டு ஒன்பது மணிக்கு வரச் சொல், கூட்டம் சேர்வதற்கு முன்னால். வர மாட்டேன் என்றால் வற்புறுத்தாதே, என் நம்பரைக் கொடு. நுரை அடைப்பான் புதுசாக ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். .38 ஐம்பது எடுத்து வைக்க உரிமப் பொறுப்பாளரிடம் இன்றைக்கே சொல்லிவிடு.

அன்புடன்,
அக்கா